இரண்டாம் சனிக்கிழமை

ஆட்டோவில் கம்ப்யூட்டர் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறீர்களா? பதினைந்து அங்குலக் கண்ணாடிப் பெட்டி. திரைப் பக்கம் வயிற்றை அழுத்தும். பின்பக்கக் கூம்பு முன்சீட்டுக் கம்பியில் இடிக்கும். காலடியில் சிபியு, அதன்மேல் கீபோர்டு, தோளில் வயர்கள் அடைத்த ஜவுளிக்கடைப் பை. 2001-இல் ஒரு சனிக்கிழமை காலை அப்படித்தான் கிண்டிப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போனேன். ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த மெஷின். அப்பா பி.எஃப். லோன் போட்டு வாங்கித் தந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ரிப்பேருக்கா தம்பி?"

"இல்லண்ணே. லினக்ஸ் போடணும்."

"அங்க பார்ட்ஸ் வெலை கம்மியா?"

அங்கே எல்லாமே இலவசம் என்று சொல்லலாமா என யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் வாடகையைக் கூட்டியிருப்பார்.

இன்ஸ்டால் ஃபெஸ்ட் என்று பெயர். இருபது இருபத்தைந்து பேர் இப்படி மெஷினைச் சுமந்துகொண்டு வந்திருந்தார்கள். முன்பின் தெரியாத நாலைந்து இளைஞர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒவ்வொரு மேஜையாகப் போய் உட்கார்ந்து, ஹார்ட் டிஸ்கைப் பிரித்து, விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸுக்கு இடம் ஒதுக்கினார்கள். இரண்டு குடும்பத்துக்கு ஒரே வீட்டைத் தடுப்புச்சுவர் வைத்துப் பிரிக்கிற வேலை. சுவர் கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். எனக்குப் பக்கத்து மேஜைப் பையனுடைய அப்பாவின் கடைக் கணக்கு அன்று அப்படித்தான் தெருவுக்கு வந்தது.

என் மெஷின் கடைசியில் ரீஸ்டார்ட் ஆகி, கருப்புத் திரையில் இரண்டே எழுத்தைக் காட்டிவிட்டு நின்றது. எல், ஐ. அவ்வளவுதான். அந்தக் காலத்தில் லினக்ஸை எழுப்பிவிடும் குட்டி நிரலுக்கு லைலோ என்று பெயர். எழும்போது தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொன்றாக அச்சிடும். எந்த எழுத்தில் நின்றது என்பதைப் பார்த்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடலாம். மேஜைக்கு வந்த ஒருவர் குனிந்து திரையைப் பார்த்தார். நாடி பிடித்த வைத்தியர்போலத் தலையாட்டினார். பதினைந்து நிமிடத்தில் சரிசெய்தார். அவர் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. ஒரு டீ வாங்கித் தந்தேன். அதற்கும் அவரே காசு கொடுத்துவிட்டார்.

கணினிப் பயனர் குழு என்றால் என்ன என்று இன்று யாராவது கேட்டால் அந்த மனிதரின் குனிந்த முதுகுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

சென்னையில் ஐ.எல்.யூ.ஜி.சி. என்கிற லினக்ஸ் பயனர் குழு 1998 ஜனவரியிலிருந்து இயங்கிவந்தது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, மாலை மூன்று மணி. நெடுங்காலம் அதன் முகவரி ஐ.ஐ.டி. வளாகத்தில் கஜேந்திரா சர்க்கிளுக்குப் பக்கத்தில், விண்வெளிப் பொறியியல் துறையின் ஒரு வகுப்பறை. மெயின் கேட்டில் இறங்கினால் மினி பஸ் கொண்டுபோய் விடும். மரத்தடியில் புள்ளிமான்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே போனால், விமானத்தின் இறக்கை பற்றிப் பாடம் நடந்த கரும்பலகையை யாரோ பாதி அழித்துவிட்டு ஃபயர்வால் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். யாரும் வரலாம், கட்டணம் கிடையாது. பேச்சு முடிந்ததும் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் இன்னொரு கூட்டம் நடக்கும். உண்மையான விஷயங்கள் அங்கேதான் பேசப்படும்.

2004-இல் ஊர் திரும்பினேன். சென்னையிலிருந்து இரண்டரை மணி நேரப் பேருந்துத் தூரம். இங்கேயும் ஒரு குழு நடத்தினால் என்ன என்று நான்கு பேர் சேர்ந்தோம். நாளுக்கு யோசிக்கவே இல்லை, இரண்டாம் சனிக்கிழமை. அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் விடுமுறை என்பது கூடுதல் வசதி.

குழு நடத்துவது என்றால் கணினி சம்பந்தப்பட்ட வேலை என்றுதான் நினைத்திருந்தேன். பத்தில் எட்டுப் பங்கு சாவி சம்பந்தப்பட்ட வேலை. எங்களுக்கு ஓர் அறை வேண்டும். அறை கல்லூரியில் இருக்கிறது. கல்லூரியில் கேட்க முதல்வருக்குக் கடிதம் எழுத வேண்டும். முதல் கடிதத்தில் 'இலவச மென்பொருள்' என்று எழுதினோம். "இலவசம்னா இதுல யாருக்கு லாபம்? கடைசியில புள்ளைங்ககிட்ட என்ன விப்பீங்க?" என்று கேட்டுத் திருப்பிவிட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. இங்கே பேசப்படுவது விலை இல்லாததைப் பற்றியல்ல, பயன்படுத்தவும் திறந்து பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உள்ள உரிமையைப் பற்றி. அதற்குத் தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று நல்ல சொல் இருக்கிறதே என்று அடுத்த கடிதத்தில் அதைப் போட்டோம். "கட்டுப்பாடு இல்லாததெல்லாம் நம்ம காலேஜ்ல வேணாம் சார்" என்றார். மூன்றாவது கடிதத்தில் 'கணினி விழிப்புணர்வு முகாம்' என்று எழுதினோம். அன்றே கையெழுத்தானது.

கையெழுத்தானாலும் சாவி வாட்ச்மேன் அண்ணனிடம். அவர் சாப்பிடப் போயிருந்தால் நாங்கள் வராந்தாவில். வந்தபிறகு ஜன்னல் வழியாகத் தலைகளை எண்ணுவார். "என்னா சார், இன்னிக்கும் ஏழு பேர்தானா? மின்சாரச் செலவுக்காவது ஆள் சேருங்க." ஏழு பேர் வந்த நாளெல்லாம் எங்களுக்குத் திருவிழா என்பது அவருக்குத் தெரியாது.

அந்த ஏழு பேரும் ஏன் வந்தார்கள் என்பதை இப்போது நினைத்தால் விடை எளிதாகத் தெரிகிறது. சிடிக்காக வந்தார்கள். ஒரு சிடி 700 எம்பி. அதை 56கே மோடத்தில் இறக்கினால் கணக்குப்படி 29 மணி நேரம். எங்கள் ஊர்த் தொலைபேசிக் கம்பியில் இரண்டு நாளைத் தாண்டும், நடுவில் அத்தையிடமிருந்து போன் வராமல் இருந்தால். ஆகவே லினக்ஸ் ஊருக்குள் வந்ததே வட்டாகத்தான். 1996-லிருந்து 'பிசி க்வெஸ்ட்' இதழோடு ஒட்டி வந்தது. 2003-இல் தொடங்கிய 'லினக்ஸ் ஃபார் யூ' இதழோடு வந்தது. பிறகு உபுண்டுக்காரர்கள் கேட்டவருக்கெல்லாம் உலகம் முழுக்கத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். ஷிப்-இட் என்ற அந்தத் திட்டம் 2005-லிருந்து 2011 வரை இருந்தது. வெளிநாட்டுத் தபால்தலையோடு வந்த உறையைத் தபால்காரர் கையெழுத்து வாங்கித் தந்தபோது, எனக்கு வேலை உத்தரவு வந்துவிட்டதாக நினைத்து அம்மா சாமி விளக்கை ஏற்றினாள்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் யார் எந்த வட்டை எடுத்துப் போனார்கள் என்று எழுதிவைப்பேன். டெபியன் 3.1 மொத்தம் பதினான்கு வட்டுகள். எங்களிடம் பதிமூன்று இருந்தன. ஆறாம் வட்டை எடுத்துப்போனவர் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டார். நான்கு ஆண்டுகள் எங்கள் ஊரில் டெபியன் ஆறாம் வட்டு இல்லாமலே வாழ்ந்தது.

ஆட்களை வரவழைத்தது பற்றாக்குறைதான். மோடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் மலிவாகக் கிடைத்த உள்மோடம்களில் பாதி வேலையை விண்டோஸ் டிரைவர் செய்யும். லினக்ஸில் அது வெறும் அட்டை. எந்த மாடல் ஓடும், எது ஓடாது என்பதை வாங்கிப் பார்த்துச் சூடுபட்டவரிடம்தான் கேட்க முடியும். திரை தெரிய வேண்டுமானால் மானிட்டரின் அலைவரிசை எண்களை நாமே எழுதித் தர வேண்டும். தப்பாக எழுதினால் மானிட்டரே கெட்டுப்போகலாம் என்று எச்சரிக்கை வேறு வரும். இத்தனை பயத்தோடு ஒருவன் வீட்டில் தனியாக உட்கார மாட்டான். பக்கத்தில் ஆள் தேடுவான்.

இது எங்கள் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் 1975 மார்ச் 5-ஆம் தேதி கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் ஷெட்டில் கூடியவர்களும் ஆல்டேர் 8800 என்ற ஒரு பெட்டியைக் கண்ணால் பார்க்கத்தான் வந்தார்கள். ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப். வாஸ்னியாக் தன் முதல் ஆப்பிளை அங்கேதான் கொண்டுவந்து காட்டினார். அங்கும் வட்டுப் பஞ்சாயத்து உண்டு: அவர்கள் காலத்தில் துளையிட்ட காகித நாடா. ஆல்டேருக்கான பேசிக் மொழியைக் கிளப்காரர்கள் நகலெடுத்து விநியோகித்ததுதான் 1976-இல் பில் கேட்ஸ் கோபமாக ஒரு திறந்த கடிதம் எழுதக் காரணம். பாஸ்டனில் 1977-இல் ஜோனதன் ரோட்டன்பெர்க் என்ற பதின்மூன்று வயதுப் பையன் தொடங்கிய கழகம் 30,000 உறுப்பினர்களுக்கு மேல் வளர்ந்தது. அத்தனை பெரிய கழகம் 1996-இல் மூடப்பட்டது. ஹோம்ப்ரூ அதற்குப் பத்தாண்டு முன்பே, 1986-இல் கலைந்துவிட்டது. முதலில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கம்ப்யூட்டர் வீட்டுக்கு வீடு நுழையும் நேரத்தில் கம்ப்யூட்டர் சங்கம் ஏன் மூடப்பட வேண்டும்? எங்களுக்கே அது நடந்தபோது வியப்பு தீர்ந்தது.

2005-இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தது. இரவு இரண்டு மணியிலிருந்து காலை எட்டு வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராத திட்டம் ஒன்று இருந்தது. ஊரில் பாதிப் பேர் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடைத் தட்டிவிட்டுத் திரும்பப் படுத்தோம். நோட்டில் எழுதுவது குறைந்தது. லினக்ஸும் சாதுவாகிவிட்டது. நாலு முறை 'அடுத்து' பொத்தானை அமுக்கினால் இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது, வைஃபை உட்பட. 2011-இல் அரசு தரத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் எங்கள் உதவி இல்லாமலே லினக்ஸைத் தொட்டார்கள். திறந்து பார்த்துவிட்டு விண்டோஸுக்கு ஓடியவர்களே அதிகம் என்பது வேறு கதை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் சிடி என்ற சொல்லையே பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருந்தது.

வாட்ச்மேன் அண்ணன் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக எண்ணியபோது மூன்று பேர்.

எல்லாப் பழியையும் பிராட்பேண்ட் மேல் போட எனக்கு மனமில்லை. எங்கள் பங்கும் உண்டு. பேச்சு எல்லாம் ஆங்கிலத்தில்தான். வீட்டில் தமிழ் பேசுகிற ஏழு பேர், ஒரு தமிழ்நாட்டுச் சிறுநகரத்தில், புரொஜெக்டரைப் போட்டதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவோம். கேடிஈயா க்னோமா, விஐயா ஈமேக்ஸா, லினக்ஸ் என்று சொல்வதா க்னூ/லினக்ஸ் என்று சொல்வதா என்று வைணவத்தில் வடகலை தென்கலை அளவுக்குச் சண்டை நடக்கும். புதிதாக யாராவது அடிப்படைக் கேள்வி கேட்டால், 'மேனுவலைப் படிச்சிட்டு வாங்க' என்பது பெருமைக்குரிய பதில். 2007 வாக்கில் ஒரு பாலிடெக்னிக் மாணவி வந்தார். அறையில் வேறு பெண்கள் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி, பென்டிரைவ் ஏன் திறக்கவில்லை என்று கேட்டார். மேனுவல் பதிலைச் சொன்னது நான்தான். இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதம் இன்னும் இருவர் வரவில்லை.

பிறகு எனக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று மாதம் படுத்தேன். கூட்டம் என்று ஒரு வரி அறிவிப்பு போடுவது என் வேலை. போடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எழுந்து பார்த்தபோது குழு இல்லை. பதினொரு ஆண்டுகள் நடந்த ஒன்று ஒரு வரி வராததால் நின்றுவிட்டது என்றால் நான் அதை நடத்திய லட்சணம் அது. சாவியையும் நோட்டையும் நானே வைத்திருந்தேன். இன்னொருவரிடம் தர வேண்டும் என்று தோன்றவே இல்லை. சென்னைக் குழுவின் மூத்தவர்களில் ஒருவரான கென்னத் கொன்சால்வஸ் 2012-இல் மறைந்தார். இந்தியப் பைத்தான் சங்கம் அவர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு விருது கொடுக்கிறது. அவருக்குப் பிறகும் சென்னைக் கூட்டம் நிற்கவில்லை. மாதாமாதம் யாரோ ஒருவர் அறிவிப்பை எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்த யாரோ ஒருவர் மாறிக்கொண்டே இருந்ததுதான் அங்கே நடந்த நல்ல காரியம்.

கொரோனா வந்தபோது எல்லோரையும்போல இவர்களும் திரைக்குள் போனார்கள். ஜிட்சி என்ற கட்டற்ற மென்பொருளில் கூட்டம். கேட்டும் இல்லை, மினி பஸ்ஸும் இல்லை, மானும் இல்லை. முதல் முறை எட்டிப் பார்த்தபோது கருப்புக் கட்டங்களில் பெயர்கள் மட்டும் வரிசையாக நின்றன. எனக்குச் சுடுகாட்டுக் கல்வெட்டு ஞாபகம்தான் வந்தது. ஆனால் அந்தக் கட்டங்களில் ஒன்று திருநெல்வேலி, ஒன்று தோகா. காஞ்சிபுரம் குழு ஞாயிறுதோறும் மாலையில் ஒரு மணி நேரம் இப்படியே கூடுகிறது. மாதம் ஒரு முறை அறைக்காக அல்லாடிய எனக்கு வாரா வாரம் என்பது நம்ப முடியாததாக இருந்தது. விழுப்புரம் குழுவினரோ நேர் எதிராகத் திரையைவிட்டு வெளியே வந்து, கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துக் கட்டணமின்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பேச்சு தமிழில் நடக்கிறது. இதைத்தான் ஆகப் பெரிய மாற்றம் என்பேன். 2012 ஜனவரியில் 'கணியம்' மின்னிதழ் வந்தபோது லினக்ஸைப் பற்றித் தமிழில் மாதாமாதம் எழுத ஆள் கிடைக்குமா என்று சந்தேகப்பட்டவன் நான். இன்று காஞ்சிபுரத்துக் கூட்டத்தில் டாக்கர் பற்றி ஒரு மாணவி பேசுகிறார்: "கன்டெய்னர்னா டிஃபன் கேரியர் மாதிரி சார். ஒவ்வொரு தட்டும் தனித்தனி, ஆனா ஒரே பிடி." இருபது ஆண்டு ஆங்கில ஸ்லைடுகளில் இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எங்கள் ஊர்க் குழுவைத் திரும்ப எழுப்பியது நானல்ல. 2023-இல் ஒரு கல்லூரிப் பையன் வீட்டுக்கு வந்தான். "சார், நீங்க முன்னாடி ஏதோ கிளப் நடத்துனீங்களாமே. அப்பா சொன்னாரு." அவன் அப்பா யார் என்று விசாரித்தால், ஓசூருக்குப் போன ஆறாம் வட்டு. வட்டைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது கூட்டம் கிளை நூலகத்தின் மாடி அறையில். கடிதம், கையெழுத்து எல்லாம் பழையபடிதான். அறிவிப்பை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், ஒருவர் பெண். கேள்விகள்தான் மாறிவிட்டன. அன்று 'இது ஏன் ஓடவில்லை' என்று வந்தார்கள். இன்று ஏஐ தந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு, 'இது சரியா சார்' என்று வருகிறார்கள். ஒரு பையன் அது சொன்ன ஒரே வரியைத் தட்டி, தன் லேப்டாப்பில் உள்ள எல்லாக் கோப்புகளுக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டான். வீட்டின் எல்லாக் கதவுகளையும் கழற்றித் திண்ணையில் சாய்த்துவைத்த மாதிரி. அந்த வரிக்கு என்ன பொருள் என்று விளக்க ஒரு மாலை முழுக்கப் போனது. யாரும் எழுந்து போகவில்லை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லின் இரண்டாம் பதிப்பும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். ஏழெட்டு வயதான லேப்டாப்புகள் பல இந்தத் தேர்வில் தேறாது. நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் யாரோ சொல்லிக் கேட்டு மாடிப்படி ஏறி வரத் தொடங்கினார்கள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், ஜெராக்ஸ் கடைக்காரர், மகன் துபாயிலிருந்து வாங்கி அனுப்பியதைப் புடவையில் சுற்றி எடுத்துவந்த ஓர் அம்மா. "உள்ள பேரன் போட்டோ இருக்குப்பா. அது போயிடாதே?" என்று மூன்று முறை கேட்டார். கடைக் கணக்கைத் தொலைத்த பக்கத்து மேஜைப் பையன் ஞாபகம் வந்தது. போட்டோக்களை முதலில் இரண்டு பென்டிரைவில் எடுத்துவைத்துவிட்டுத்தான் தொட்டோம்.

சென்ற இரண்டாம் சனிக்கிழமை ஆறாம் வட்டின் பையன் நூலகத்திலிருந்து போன் செய்தான். "சார், பதினோரு லேப்டாப் வந்திருக்கு. ரூம்ல ரெண்டே ரெண்டு பிளக் பாயின்ட்தான். ஒண்ணுல ஃபேன்."

பரணில் ஏறினேன். பதிமூன்று டெபியன் வட்டுகள் இருந்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால் பழைய ஸ்பைக் பஸ்டர் கிடந்தது. துடைத்துச் செருகிப் பார்த்தேன். ஐந்து சாக்கெட்டில் மூன்று வேலை செய்தது. வண்டியை எடுத்தேன்.